ஒரு வேளையா, இரண்டு வேளையா?

ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் மருந்து தர வேண்டும். காலையில் ஒரே தடவையாகத் தருவதா, காலையில் பாதி இரவில் பாதி என்று பிரித்துத் தருவதா? மருத்துவமோ செவிலியமோ மருந்தாளுநர் பட்டயமோ, எது படிக்கும் மாணவரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பிரித்துத் தருவதே மேல், அப்போதுதான் ரத்தத்தில் மருந்து எந்நேரமும் இருந்துகொண்டே இருக்கும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காசநோய் மருந்தான ஐசோனியாசிட் விஷயத்தில் அது தவறு என்று சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கிய ஓர் ஆய்வு மையம் 1960-இல் காட்டியது.

(எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒரு சேத்துப்பட்டு இருக்கிறது, போளூரிலிருந்து வந்தவாசி போகும் வழியில். அதுவல்ல இது.)

திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி 2013-இல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் செவிலியர் கல்லூரிகளும் மருந்தியல் கல்லூரிகளும் உண்டு. இங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் செங்கம், கலசப்பாக்கம், ஜவ்வாது மலை அடிவாரம் என்று கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மருந்தியலின் முதல் அத்தியாயத்தில் அவர்கள் மனப்பாடம் செய்வது நான்கு சொற்களை: உறிஞ்சல், பரவல், சிதைவு, வெளியேற்றம். மருந்து எப்படி உள்ளே போகிறது, எங்கெங்கே போகிறது, உடல் அதை என்ன செய்கிறது, எப்படி வெளியே தள்ளுகிறது. கூடவே அரை ஆயுள், ஏற்பி, நச்சு எல்லை என்று சில சொற்கள். எடுத்துக்காட்டுகள் லண்டனிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் வரும். பேருந்தில் நாலைந்து மணி நேரத் தூரத்தில், நம் ஊர் ஏழைகளின் உடலில், இந்த நான்கு சொற்களையும் ஒன்றுவிடாமல் விளக்கிக்காட்டிய ஆய்வு நடந்திருக்கிறது. மருந்தியலை அங்கிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. மருந்தின் வேலை மாத்திரையோடு முடிவதில்லை, விழுங்குகிறவரின் கல்லீரலும் சாப்பாடும் அன்றாடமும் அதில் பாதியைத் தீர்மானிக்கின்றன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1950-களின் நிலைமை இதுதான். காசநோய்க்கு மூன்று மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசியாக மட்டுமே போடலாம். பாஸ் என்ற மருந்து அடுத்து வந்தது. நாளைக்குப் பத்து கிராம் அளவில் விழுங்க வேண்டியது, வயிற்றைக் குமட்டும். ஐசோனியாசிட் 1952-இல் மருத்துவத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அதை 1912-லேயே பிராகில் இருவர் தயாரித்திருந்தார்கள். அது எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாமல் நாற்பது ஆண்டு கிடந்தது. விலை மலிவு, மாத்திரையாகத் தரலாம். ஆனால் நோயாளியை எங்கே வைத்துத் தருவது? சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு என்று ஓராண்டு பார்த்துக்கொள்வதுதான் அன்றைய வழக்கம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கைகளோ அதில் ஒரு துளி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிசிகிச்சை மையத்தைத் தொடங்கின. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். முதல் ஆய்விலேயே சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். மறு பிரிவுக்குத் தங்கள் வீடு, அதாவது நெரிசலான குடிசை, அரைகுறைச் சாப்பாடு, வேலை. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஐசோனியாசிட்டும் பாஸும். 1959-இல் வெளியான முடிவில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூடவே இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இதைப் பொதுச் சுகாதார வரலாற்றில் எல்லோரும் சொல்வார்கள். மருந்தியல் மாணவருக்கு இதைவிடச் சுவாரசியமானது அடுத்த ஆய்வுதான்.

பாஸ் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விலையும் அதிகம். ஐசோனியாசிட்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்பது கேள்வி. நான்கு பிரிவுகள் வகுத்தார்கள். ஒன்றுக்கு ஐசோனியாசிட்டும் பாஸும். மற்ற மூன்றுக்கும் ஐசோனியாசிட் மட்டும்: முதலாவதுக்குச் சுமார் 200 மில்லிகிராம் இரண்டு வேளையாக, அடுத்ததுக்குச் சுமார் 400, அதுவும் இரண்டு வேளையாக, கடைசிப் பிரிவுக்கு அதே 400, ஒரே வேளையில். 1960-இல் முடிவு வந்தபோது, எதிர்பார்த்தபடி பாஸ் சேர்ந்த பிரிவே முதலிடம். ஐசோனியாசிட் மட்டும் பெற்றவர்களில், 400-ஐ ஒரே வேளையில் விழுங்கியவர்கள் அதே 400-ஐப் பிரித்து விழுங்கியவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். கடைசி இடம் 200-க்கு.

இதை அசைபோட்டுப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க உடலுக்குள் போன மொத்த மருந்து இரு பிரிவிலும் ஒன்றுதான். ஒரே வேளைக்காரரின் ரத்தத்தில் மருந்து சில மணி நேரம் உச்சத்துக்கு ஏறி, இரவில் ஏறக்குறைய வற்றிவிடும். பிரித்துச் சாப்பிட்டவருக்கு அவ்வளவு உயரம் இல்லை, அவ்வளவு வறட்சியும் இல்லை. கிருமிக்கு எந்நேரமும் கொஞ்சம் மருந்து என்ற கணக்குச் சரியாக இருந்தால் இரண்டாமவர்தான் ஜெயித்திருக்க வேண்டும். கங்காதரம், தேவதத்தா முதலிய மையத்து ஆய்வாளர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, இந்தக் கிருமியை அடக்குவதில் எட்டும் உச்ச அளவே முக்கியம் என்ற முடிவுக்கு வந்தார்கள். காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது. ஒரு முறை பலமாக அடிவாங்கினால் மீண்டும் பெருகத் தொடங்கச் சில நாட்கள்கூட ஆகும் என்பதை டெனிஸ் மிட்சிசன் என்ற ஆய்வாளரின் சோதனைச்சாலை வேலைகள் பின்னர் காட்டின. 2004-இல் பெங்களூரில் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, உச்சத்தைவிட மொத்தத்தில் உடல் எவ்வளவு மருந்துக்கு ஆட்பட்டது என்பதே நன்றாகப் பொருந்துகிறது என்றது. ஆக, வழக்கு இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஆனால் எந்நேரமும் ரத்தத்தில் மருந்து இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்பது மட்டும் அன்றே தீர்ந்துபோயிற்று. பென்சிலினுக்கு அந்தப் பிடிவாதம் வேண்டும், அதனால்தான் அதை நாளைக்கு நான்கு வேளை தருகிறோம். ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பத்துக்கு வேண்டாம். மருந்துச்சீட்டில் ‘1-0-1’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்கு நாம் ஒரு விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம், தெரிந்தோ தெரியாமலோ.

இனி ஆட்கள். ஐசோனியாசிட்டைக் கல்லீரலில் ஒரு நொதி செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதி எவ்வளவு சுறுசுறுப்பு என்பது பிறவியிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாகச் சோதித்து, இது பரம்பரையாக வருவது என்று பிரைஸ் எவான்ஸ் 1960-இல் நிறுவினார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் மெதுவான மரபணு வந்தவர் மெதுவாகச் சிதைப்பவர். அவர் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். விரைவாகச் சிதைப்பவருக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். சென்னை நோயாளிகளில் மெதுவானவர்கள் சுமார் 60 விழுக்காடு. ஜப்பானியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் அப்படி. இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்தால் யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருவரும் அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம். ஒரே எடை, ஒரே மாத்திரை, ஒரே தண்ணீர். ஆறு மணி நேரம் கழித்து ஒருவர் உடம்பில் மருந்து கணிசமாக இருக்கும், மற்றவரிடம் பெயருக்குத்தான் மிஞ்சும்.

இதனால் என்ன ஆயிற்று? மெதுவானவர்களுக்கு மருந்து அதிக நேரம் தங்கியதால் அதன் பக்கவிளைவும் அவர்களையே தேடிவந்தது. கூடிய அளவில் ஐசோனியாசிட் எடுத்தவர்களில் சிலருக்குக் கால் பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, குத்தல் தொடங்கியது. சாப்பாட்டில் சத்துக் குறைந்த ஏழை உடல்களில் இது கூடுதல். ஐசோனியாசிட் உடலிலுள்ள பி6 வைட்டமினைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றிவிடுகிறது. நரம்புக்கு அது இல்லாமல் ஓடாது. சேத்துப்பட்டு மையம் பி6-ஐச் சிறிய அளவிலும் பெரிய அளவிலும் கொடுத்துப் பார்த்து, நாளைக்கு 6 மில்லிகிராமே தடுத்துவிடுகிறது என்று 1960-களில் கண்டது. இன்று காசநோய் மாத்திரையோடு கூடவே தரும் அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரையை, ‘அது சும்மா சத்து மாத்திரை, போடாட்டியும் பரவாயில்லை’ என்று ஒதுக்கும் நோயாளிகளிடம் மாணவர்கள் சொல்ல வேண்டிய கதை இது. வீட்டில் குழந்தை தெரியாமல் ஐசோனியாசிட்டை அள்ளி விழுங்கிவிட்டால் வலிப்பு வரும். அப்போது மாற்று மருந்தும் இதே பி6-தான், விழுங்கியது எத்தனை கிராமோ அத்தனை கிராம், ஊசி வழியாக. தடுப்புக்கு மில்லிகிராம், விஷமுறிவுக்கு கிராம். மருந்தும் அதுவே, அளவுதான் வேறு.

மெதுவானவருக்குப் பக்கவிளைவு என்றால் விரைவானவருக்குத் தோல்வியா? தினமும் மருந்து சாப்பிட்டபோது அப்படிப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மருந்து எடுக்கும் இடைவெளியை நீட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

இடைவெளியை நீட்டவேண்டி வந்ததற்குக் காரணம் மருந்தியல் அல்ல, மனிதர்கள். நோயாளிகள் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று அறிய மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மிச்ச மாத்திரைகளை எண்ணுவார்கள், சிறுநீர் கேட்டு வாங்குவார்கள். அதில் ஃபெரிக் குளோரைடு சொட்டு விட்டால் பாஸ் இருப்பது நிறத்தில் தெரிந்துவிடும். உடம்பு தேறி, இருமல் நின்று, வேலைக்குப் போகத் தொடங்கியதும் மாத்திரை மறந்துபோவது உலக வழக்கம். எண்ணிக்கை சரியாக இருக்கும், சிறுநீர் வேறு கதை சொல்லும். எனவே வாரத்துக்கு இரண்டே முறை, கண்ணெதிரே விழுங்கவைத்தால் என்ன என்று யோசித்தார்கள். உச்ச அளவே முக்கியம் என்ற அந்த முடிவு இல்லாவிட்டால் இந்த யோசனைக்கே இடம் இருந்திருக்காது. ஸ்ட்ரெப்டோமைசின் ஒரு கிராம் ஊசி, எடைக்குக் கிலோவுக்குச் சுமார் 14 மில்லிகிராம் ஐசோனியாசிட், கூடவே பி6. இதை வாரம் இருமுறை மையத்துக்கு வரவைத்துக் கொடுத்தார்கள். 1964-இல் வெளியான முடிவில் இது தினசரி மாத்திரைக்குச் சற்றும் குறைந்ததல்ல என்று தெரிந்தது. பிற்காலத்தில் உலகம் முழுக்க ‘டாட்ஸ்’ என்ற பெயரில் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வேர் இங்கே இருக்கிறது.

வாரம் ஒரு முறை போதுமா என்றும் பார்த்தார்கள். அங்கேதான் விரைவானவர்கள் பின்தங்கினார்கள். மெதுவானவரிடம் ஒரு பெரிய வேளை மருந்து நீண்ட நேரம் நின்றது. விரைவானவரின் கல்லீரல் அதை அன்றைக்கே தீர்த்துவிட்டது. மெதுவாகக் கரையும் ஐசோனியாசிட் மாத்திரைகூடச் செய்து பார்த்தார்கள். அதற்குள் ரிஃபாம்பிசின் என்ற பெரிய மருந்து வந்து எல்லாக் கணக்கையும் மாற்றிவிட்டது.

வாரத்தில் சில நாள் மட்டும் மருந்து என்ற முறையை இந்தியா நெடுநாள் வைத்திருந்து 2017-இல் கைவிட்டது. இப்போது நான்கு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும். சென்னை ஆய்வு தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. ஆய்வில் எல்லா வேளையும் கண்ணெதிரே விழுங்கப்பட்டது. வாரம் மூன்று வேளைக்காரர் ஒரு வேளையைத் தவறவிட்டால் அந்த வாரத்து மருந்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தினசரிக்காரருக்கு ஏழில் ஒன்றுதான். ஐசோனியாசிட்டை ஏற்கெனவே எதிர்க்கப் பழகிய கிருமி உள்ளவர்களிடம் இடைவெளி முறை நோய் திரும்பவும் எதிர்ப்பு வளரவும் இடம் கொடுத்தது. ஆராய்ச்சி மையத்தில் ஜெயித்த அளவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜெயிக்கும் என்று எண்ணியதில்தான் கோளாறு.

இன்றைய மாத்திரையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஒன்றில் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எதாம்பியூட்டால் 275 மில்லிகிராம். எடை 25 முதல் 34 கிலோ என்றால் இரண்டு, 35 முதல் 49 என்றால் மூன்று, 50 முதல் 64 என்றால் நான்கு. 48 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு மூன்று மாத்திரை; ஐசோனியாசிட் கணக்குப்படி கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்தில் அவர் தேறி 51 கிலோ ஆகிவிட்டால் மூன்று போதாது. எடை பார்க்கும் கருவி இங்கே வெறும் சம்பிரதாயம் இல்லை. வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: கொழுப்புள்ள சாப்பாடு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டும் ரத்தத்தில் ஏறுவதை மட்டுப்படுத்துகிறது. சித்த வைத்தியர்கள் மருந்தைத் தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா என்று அனுபானம் பார்த்துக் கொடுப்பார்கள். எந்த அனுபானத்துக்கு எந்தப் பலன் என்ற அவர்களது விளக்கத்தை நான் இங்கே நிறுவ வரவில்லை. எதோடு சாப்பிடுகிறோம் என்பது மருந்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் மட்டும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல என்கிறேன்.

இதுவரை பேசியதெல்லாம் உடல் மருந்தை என்ன செய்கிறது என்பது. மருந்து உடலை என்ன செய்கிறது என்பது மறுபாதி. அதற்கு கிரிவலப் பாதையே போதும். பௌர்ணமி அன்று பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள். பலர் விரதம். அவர்களில் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தின் செல்களில் உள்ள பொட்டாசியம் வாயிலை அடைத்து இன்சுலினைச் சுரக்கவைப்பவை. ரத்தத்தில் சர்க்கரை ஏற்கெனவே குறைவாக இருந்தாலும் அவை பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. வெறும் வயிறு, நீண்ட நடை, இந்த மாத்திரை மூன்றும் சேர்ந்தால் எட்டாவது கிலோமீட்டரில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழலாம். பக்கத்தில் உள்ளவர்கள் மயக்கம் என்றோ பரவசம் என்றோ நினைத்துக்கொள்வார்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஏனென்றால் அது இன்சுலினைத் தூண்டுவதில்லை. மருந்துக் கடையில் இரண்டுக்கும் பெயர் ‘சுகர் மாத்திரை’தான்.

இந்த இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. காசநோயும் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளவர்கள் தமிழ்நாட்டில் அரிதல்ல. ரிஃபாம்பிசின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவதைப் பார்த்து நோயாளி பயப்படுவார். அதில் பயம் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியம்தான் கவனிக்க வேண்டியது: கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகும், கிளிபென்கிளமைடு சீக்கிரம் தீர்ந்து சர்க்கரை ஏறும். மருத்துவர் சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டுவார். சரி. ஆறு மாதம் முடிந்து காசநோய் மருந்து நிறுத்தப்படுகிறது. சளியில் கிருமி இல்லை, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ரிஃபாம்பிசின் நின்ற இரண்டு வாரத்துக்குள் பெருகியிருந்த நொதிகள் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆனால் சர்க்கரை மாத்திரையின் சீட்டில் கூட்டிய அளவே இருக்கிறது. நோய் தீர்ந்த வேண்டுதலுக்கு அடுத்த பௌர்ணமிக்கு விரதமிருந்து மலை சுற்ற வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காசநோய்ப் பிரிவு அவர் அட்டையை முடித்துக் கட்டிவிட்டது. சர்க்கரைப் பிரிவு அவரை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறது. காசநோய்ச் சிகிச்சையின் கடைசி நாளன்று, அந்த நோயாளியின் மற்ற மாத்திரைகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் அளவையும் மறுபடி பார்க்கும் வேலை யாருடையது என்று இரண்டு பிரிவின் கையேட்டிலும் எழுதிவைக்க வேண்டும்.